பழைய காரில் கூலண்ட் குறைவதும் பெட்ரோல் வாடையும்: எங்கிருந்து என்று கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

என் கார் 1998 மாடல், கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பழைய வகைப் பாகம்) வைத்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அதன் ரிசர்வ் டப்பாவில் வாரம் ஒரு டம்ளர் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைய ஆரம்பித்தது. தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. பட்டறையில் பானட்டைத் திறந்து பார்த்த மெக்கானிக் அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ரேடியேட்டர் போச்சு சார், மாத்திரலாம்." மாற்றினோம். அடுத்த வாரமும் ஒரு டம்ளர் போனது. "அப்ப வாட்டர் பம்ப்தான் சார்." அதையும் மாற்றினோம். அதற்கடுத்த வாரமும் அதே ஒரு டம்ளர்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே டார்ச்சை எடுத்துக்கொண்டு இன்ஜினுக்குப் பின்புறம் எட்டிப் பார்த்தேன். ஹீட்டருக்குப் போகிற ஹோஸின் கிளிப்புக்குக் கீழே பச்சையாக உப்பு பூத்திருந்தது. கசிந்தது எல்லாம் சூடான இன்ஜின் மேலேயே விழுந்து காய்ந்துபோனதால் தரைக்கு வரவே இல்லை. அந்தக் கிளிப் இருபது ரூபாய். மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கேட்க வேண்டிய கேள்விகளுக்கான பதிலை நானும் அவரிடம் சொல்லவில்லை: எப்போது குறைகிறது, எவ்வளவு குறைகிறது, வண்டி ஓடும்போதா நிற்கும்போதா.

கூலண்ட் கசிவானாலும் சரி, பெட்ரோல் வாடையானாலும் சரி, "எப்போது?" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் "எங்கே?" என்பதில் பாதி முடிந்துவிடும். கீழே சொல்கிற வரிசை அதை வைத்துத்தான். மாருதி 800, ஜென், எஸ்டீம், அம்பாசடர், பத்மினி என்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற கார்புரேட்டர் வண்டிகளுக்கும், 2000-ஐ ஒட்டி மாசு விதிகள் இறுகியபோது வந்த, கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சுகிற முதல் தலைமுறை இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

தொடுவதற்கு முன்னால்

சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். துணி போட்டுத் திறக்கலாம், பாதி திருகி ஆவியை விட்டுவிட்டுத் திறக்கலாம் என்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். உள்ளே நூறு டிகிரிக்கு மேல் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கிற தண்ணீர், மூடி விலகிய கணத்தில் ஒரே பொங்காகப் பொங்கி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் அழுத்தம் இன்னும் இருக்கிறது. மெத்தென்று, கை பொறுக்கிற சூட்டில் இருந்தால் திறக்கலாம்.

பெட்ரோல் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. அதன் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். அதனால் மேலே போய்க் கலையாது, தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். பட்டறைக் குழியும் சுவர் சூழ்ந்த போர்ட்டிகோவும் அதற்குத் தோதான இடங்கள். காற்றில் ஒன்றரை சதவீதம் ஆவி கலந்திருந்தாலே ஒரு பொறி போதும். ஆகவே வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். ஸ்டார்ட் பண்ணி ஓட்டிக்கொண்டு அல்ல, தள்ளிக்கொண்டுதான். வயர் தொங்கும் குண்டு பல்பு வேண்டாம், எல்இடி டார்ச் போதும். ஏபிசி பவுடர் தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வாடை குப்பென்று அடிக்கும்போது உடனே பேட்டரி டெர்மினலைக் கழற்றாதீர்கள், அந்த இடத்திலேயே பொறி பறக்கலாம். பானட்டைத் திறந்து கால் மணி நேரம் காற்றாட விட்டு, அப்புறம் நெகட்டிவைக் கழற்றுங்கள்.

இன்னொன்று. கூலண்டில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். விரலைத் தொட்டு நாக்கில் வைத்து "கூலண்ட்தான் சார்" என்று சொல்கிற மெக்கானிக்குகளைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள். வடித்த கூலண்டைத் தெருவில் ஊற்றவும் செய்யாதீர்கள். நாயும் பூனையும் அந்த இனிப்புக்கு வந்து நக்கும்.

ஒரு வாரம், ஓர் அட்டை, ஒரு நோட்டு

ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டியைப் பிரித்து, இரவு வண்டி நிற்கும் இடத்தில் விரியுங்கள். முன் சக்கரங்கள் எங்கே வரும் என்று மார்க்கரால் கோடு போட்டு வைத்தால் தினமும் ஒரே இடத்தில் நிறுத்தலாம். சொட்டு எங்கே விழுகிறது என்பது அட்டையிலேயே வரைபடம் மாதிரி பதியும். ரிசர்வ் டப்பாவில் இன்றைய அளவுக்கு ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினில் மட்டும் அளவு பாருங்கள். சூட்டில் கூலண்ட் பெருகி டப்பாவில் ஏறும், ஆறினால் திரும்ப இறங்கும். அதைக் கசிவு என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

நோட்டில் எழுத வேண்டியது நாலே விஷயம்: எவ்வளவு தூரம் ஓட்டினோம், ஏசி போட்டோமா, வாடை எப்போது அடித்தது, அன்றைக்குப் பெட்ரோல் போட்டோமா. கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியலாம். பெட்ரோல் வாடையில் பாதி வழக்கு அதில்தான் முடியும்.

வாரம் முடிந்ததும் அட்டையைப் பாருங்கள். தண்ணீர் போல் தெளிவாக, வாடையே இல்லாமல் இருந்தால் அது ஏசியிலிருந்து வடிந்த தண்ணீர், விட்டுவிடலாம். பச்சை, சிவப்பு, நீலம் என்று ஏதோ ஒரு சாயத்தோடு, விரலில் லேசாக வழுவழுத்து, இனிப்பு வாடை அடித்தால் கூலண்ட். நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பத்துக்குச் சாயம் போடுகிறது. பழுப்பாகத் துருத் தண்ணீர் வந்தால் யாரோ பல வருடமாகக் கூலண்டுக்குப் பதில் போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கறுப்பாக, அட்டையில் பரவிக்கொண்டே போவது இன்ஜின் ஆயில். சக்கரத்துக்குப் பக்கத்தில், வெளிர் மஞ்சளாக, பெயின்ட்டை உரிக்கிற திரவம் பிரேக் ஆயில். அது தெரிந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. பெட்ரோல் மட்டும் அட்டையில் நிற்காது. காய்ந்து, ஓரத்தில் மெல்லிய வளையமாக ஒரு கறையை விட்டுவிட்டுப் போய்விடும்.

கூலண்ட்: மூடியிலிருந்து ஆரம்பியுங்கள்

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை, அது ஒரு வால்வு. அதன் தலையில் 0.9 அல்லது 1.1 என்று எண் இருக்கும். 0.9 என்றால் அந்த அளவு அழுத்தம் வரை தாங்கிப் பிடிக்கும் என்று பொருள். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே கிட்டத்தட்ட 118 டிகிரி வரை கொதிக்காது, கூலண்ட் பாதி கலந்தால் இன்னும் மேலே போகும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ நூறைத் தாண்டியதுமே பொங்கி டப்பாவுக்குப் போகும், டப்பா நிரம்பி வெளியே வழியும். ரேடியேட்டர், ஹோஸ், பம்ப் எல்லாம் நன்றாக இருக்கும், ஆனாலும் கூலண்ட் குறையும்.

மூடியின் அடியில் நடுவில் சின்னப் பொத்தான் மாதிரி இன்னொரு வால்வு உண்டு. இன்ஜின் ஆறும்போது டப்பாவிலிருந்து கூலண்டைத் திரும்ப இழுத்துக்கொள்வது அது. அது ஒட்டிக்கொண்டால், காலையில் மேல் ஹோஸ் உறிஞ்சிய ஸ்ட்ரா மாதிரி சப்பிப்போய் இருக்கும். அதைப் பார்த்தால் ஹோஸ் வாங்க ஓடாதீர்கள், மூடியை வாங்குங்கள். அதே எண் உள்ள மூடியாகவே வாங்குங்கள். 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால், இதுவரை தாங்கிய பழைய ஹோஸ் தாங்காமல் போகலாம்.

கையும் டார்ச்சும்

அடுத்தது கண்ணால் பார்ப்பது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஹீட்டருக்குப் போகும் இரண்டு சின்ன ஹோஸ்கள், சில இன்ஜின்களில் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் கார்புரேட்டர் அடிக்கும் போகும் இன்னும் சின்னக் குழாய்கள். ஒவ்வொன்றையும் கிளிப்பிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி விரலால் கசக்குங்கள். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது, கசக்கும்போது வாய் திறக்கும். மொறுமொறுவென்று சத்தம் வந்தால் ரப்பர் உள்ளே இறுகிவிட்டது. ஊதிய பலூன் மாதிரி மெத்தென்றிருந்தால் உள்ளே ஆயில் ஊறி நைந்துவிட்டது. இரண்டுமே மாற்ற வேண்டியவை. கீழ் ஹோஸைக் கடைசியாகப் பார்த்து மறந்துவிடுவோம், ஏனென்றால் கை எட்டாது. அதனாலேயே அதுதான் பெரும்பாலும் பழசாக இருக்கும்.

தேடுவது ஈரத்தை அல்ல, காய்ந்த தடத்தை. கசிந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்பு பூத்திருக்கும். அது எங்கே அகலமாக இருக்கிறதோ அங்கே கசிவு இருக்க வேண்டியதில்லை, வழிந்து வந்து தேங்கிய இடமாக இருக்கலாம். தடத்தைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கிப் போங்கள். அதன் உச்சிதான் ஊற்று.

வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். உள் சீல் தேய்ந்தால் சொல்வதற்காகவே வைத்த துளை அது. லேசான பழைய கறை இருந்தால் பயப்பட வேண்டாம். ஈரக் கோடு இருந்தால் பம்ப்பின் காலம் முடிந்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லியை ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். துளையை எம்-சீல் வைத்து அடைத்திருந்த ஒரு பம்ப்பை நான் பார்த்திருக்கிறேன். கசிவு நின்றது, பேரிங் உள்ளே நனைந்து ஒரு மாதத்தில் உடைந்தது.

ரேடியேட்டரில், பழைய பித்தளை வகை என்றால் பற்றவைத்த ஓரங்களையும், அலுமினியத்தோடு பிளாஸ்டிக் தொட்டி சேர்த்த வகை என்றால் இரண்டும் சேரும் மடிப்பையும் பாருங்கள். பித்தளையைப் பட்டறையில் ஈயம் வைத்துச் சரி செய்யலாம். பிளாஸ்டிக் தொட்டி வெடித்தால் ஒட்டுவது வீண் வேலை.

கண்ணுக்குத் தப்பினால் அழுத்திப் பாருங்கள்

எல்லாம் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லையா? ரேடியேட்டர் வாயில் மாட்டும் கைப்பம்ப் ஒன்று உண்டு. பெரிய பட்டறைகளில் இருக்கும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், மூடியில் போட்டிருக்கிற எண் வரைக்கும் மட்டும் அழுத்தம் ஏற்றிவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். முள் இறங்காமல் நின்றால் வெளிக்கசிவு இல்லை. இறங்கினால், இன்ஜின் சூடும் ஃபேன் காற்றும் இல்லாததால் சொட்டு காயாமல் நிற்கும், எங்கே என்று நிதானமாகப் பார்க்கலாம். பம்ப் கிடைக்காதவர்கள் ஹோஸ் முனைகளைத் துடைத்துவிட்டு முகப்பவுடரைத் தூவி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஈரக் கோடு கறுப்பாகத் தெரியும்.

முள் இறங்குகிறது, வெளியே சொட்டே இல்லை என்றால் கூலண்ட் உள்ளே போகிறது. இரண்டு வழிதான். ஒன்று ஹீட்டர். காருக்குள் இனிப்பு வாடை, முன் கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம், முன்சீட்டுக் கால்மிதியடியில் ஈரம். ஏசித் தண்ணீரும் அங்கேயே வடியலாம், வழுவழுப்பை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஹீட்டர் யாருக்கு வேண்டும் என்று இரண்டு ஹோஸையும் ஒன்றாக இணைத்து விட்டுவிடுகிறார்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போகாதவர்களுக்கு அது மோசமில்லை.

இன்னொரு வழி ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் தலைப்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற தகடு. இந்தப் பெயரைக் கேட்டதும் பயந்து பணத்தை எண்ண ஆரம்பிக்காதீர்கள். ஒரே ஓர் அறிகுறியை வைத்து ஹெட்டைக் கழற்றவும் விடாதீர்கள். நான் குறைந்தது இரண்டு சாட்சி கேட்பேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் முதலில் கொஞ்சம் குமிழ் வருவது சகஜம், உள்ளே சிக்கிய காற்று அது. ஐந்து நிமிடமாகியும் சோடா மாதிரி விடாமல் வந்தால் அது சிலிண்டரிலிருந்து வரும் வாயு. மூடியைப் போட்டுக் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும் அதே பொருள். சூடு ஏறிய பிறகும் சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை. கழற்றிய பிளக்குகளில் ஒன்று மட்டும் கழுவி வைத்தது போல் பளிச்சென்று இருப்பது. ஆயில் கம்பியில் ஃபில்டர் காபி நிறத்தில் நுரை. இந்த நுரையை மட்டும் தனியாக நம்பாதீர்கள். குன்னூர் மாதிரிக் குளிரூரில் தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வண்டியில், வெறும் ஈரம் படிந்தே ஆயில் மூடிக்கடியில் அப்படி ஒட்டிக்கொள்ளும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் நீலத் திரவச் சோதனை உண்டு. ரேடியேட்டர் வாயில் வருகிற காற்றை அதன் வழியாக உறிஞ்சும்போது நீலம் மஞ்சளாக மாறினால் எரிந்த வாயு கலந்திருக்கிறது. ஐந்து நிமிட வேலைதான். ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் இதைக் கேட்டு வாங்குங்கள்.

பெட்ரோல் வாடை: நேரத்தைப் பிடித்தால் இடம் கிடைக்கும்

மூக்கை நம்பலாம், ஆனால் முதல் இரண்டு மூன்று நிமிடம்தான். அப்புறம் பழகிவிடும், வாடை போய்விட்டது என்று ஏமாற்றும். ஆகவே கொஞ்சம் மோந்து, எட்டி நடந்து, திரும்ப வந்து மோந்து பாருங்கள். முதலில் எந்த வாடை என்று பிரித்துக்கொள்ளுங்கள். பங்க்கில் அடிக்கிற, எரியாத பெட்ரோல் வாடை வேறு, கண்ணை எரிக்கிற அரைகுறையாக எரிந்த புகை வாடை வேறு. பின்னது கசிவு அல்ல. சோக் (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் தகடு) சிக்கிக்கொண்டிருக்கும், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது ஒரு பிளக் அடிக்காமல் இருக்கும்.

பெட்ரோல் போட்ட அன்றைக்கு மட்டும் வாடை என்றால் டேங்க்கின் மேல்பகுதியைப் பாருங்கள். டேங்க் பாதியாகும் வரை அடித்துவிட்டு நின்றுபோவது இதன் அடையாளம். நிரப்புவாயிலிருந்து டேங்க்குக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸ், அதன் கூடவே ஓடும் காற்றுக்குழாய், மூடியின் ரப்பர், டேங்க் தலையில் இருக்கிற, பெட்ரோல் அளவைச் சொல்லும் கேஜ் யூனிட்டின் கேஸ்கட். பல கார்களில் பின்சீட்டைத் தூக்கினால் அந்தத் தட்டு தெரியும், சுற்றிலும் தூசி ஊறிக் கறுத்திருந்தால் அங்கேதான். இதில் நம் பங்க் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. நாசில் தானாக நின்ற பிறகும், "ரவுண்ட் பண்ணிரட்டுமா சார்?" என்று கேட்டு வாய் வரைக்கும் அடைத்துவிடுவார்கள். பூமிக்கடியில் இருந்து வந்த பெட்ரோல் வெயிலில் பெருகும். 30 லிட்டர் டேங்க்கில் 15 டிகிரி சூடு ஏறினால் கிட்டத்தட்ட 400 மில்லி கூடும். அது போக இடம் வேண்டாமா? ரவுண்ட் பண்ணாமல் இரண்டு தடவை போட்டுப் பாருங்கள். பல கார்களில் வாடை அதோடு நின்றுவிடும்.

ராத்திரி நிறுத்தி, காலையில் போர்ட்டிகோவைத் திறந்ததும் வாடை என்றால், அது மெதுவான, விடாத கசிவு. ஹோஸ்கள், ஃபில்டரின் இரண்டு முனைகள், பம்ப், டேங்க்கின் அடி. வெள்ளை டிஷ்யூவை எடுத்து ஒவ்வொரு இணைப்பையும் சுற்றித் துடைத்து, அந்தத் தாளை மோந்து பாருங்கள். இன்ஜின் முழுக்க அழுக்கேறிக் கிடக்கும்போது ஓர் இணைப்பைச் சுற்றி மட்டும் கழுவிவிட்ட மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள், பெட்ரோல் அழுக்கைக் கரைத்துவிடும். காய்ந்த இடத்தில் தேன் நிறத்தில் பிசுக்கும் இருக்கும்.

கார்புரேட்டர் வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜினோடு ஒட்டிய மெக்கானிக்கல் பம்ப். அதன் உள்ளிருக்கிற டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்தால் பெட்ரோல் இரண்டு பக்கம் போகலாம்: வெளியே சின்னத் துளை வழியாக, அல்லது இன்ஜின் ஆயிலுக்குள். இரண்டாவதுதான் ஆபத்து, கண்ணுக்குத் தெரியாது. ஆயில் கம்பியை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் தண்ணீராக ஓடி, மட்டமும் முன்பைவிட ஏறியிருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பம்ப்பையும் ஆயிலையும் மாற்றிய பிறகுதான் சாவி.

வெயிலில் ஓட்டி வந்து நிறுத்திய பத்தாவது நிமிடத்தில் வாடை, திரும்ப ஸ்டார்ட் செய்தால் இழுத்து இழுத்துப் பிடிக்கிறது என்றால் கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் கொதிக்கிறது. பெட்ரோலின் லேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும், பானட்டுக்குள் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம். கோடையில் கொஞ்சம் இருப்பது இயல்பு. அளவுக்கு மீறினால் ஃப்ளோட் (கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) மட்டம் உயர்ந்திருக்கிறதா, அது திறந்து மூடுகிற நீடில் வால்வில் தூசி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சில கார்புரேட்டர்களில் மட்டம் பார்க்கச் சின்னக் கண்ணாடியே உண்டு. அடியில் வைக்கிற தடித்த கருப்புப் பட்டையை ஓவர்ஹாலின்போது தொலைத்துவிட்டு வெறும் கேஸ்கட்டோடு மாட்டியிருந்தாலும் இப்படித்தான் ஆகும், இன்ஜின் சூட்டைத் தடுப்பதே அந்தப் பட்டைதான்.

ஓடும்போது மட்டும் வாடை என்றால் அழுத்தம் இருக்கிற பகுதி. கார்புரேட்டர் வண்டியில் பம்ப்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் தேடுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அழுத்தம் 3 பார் (காற்றழுத்தத்தைப் போல் மூன்று மடங்கு) அளவுக்கு இருக்கும், அதாவது தலைமுடி அளவு வெடிப்பிலிருந்தும் பெட்ரோல் பனிபோலப் பீய்ச்சும். இன்ஜெக்டரின் ஓ-ரிங்குகளைப் பாருங்கள். ப்ரஷர் ரெகுலேட்டருக்குப் போகும் சின்ன வாக்குவம் ஹோஸைப் பிடுங்கி மோந்து பாருங்கள். அதில் பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் டயாஃப்ரம் போய்விட்டது. இந்தப் பக்கம் எதையும் கழற்றும் முன் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு இன்ஜினைத் தானாக நிற்கும் வரை ஓட விட்டு அழுத்தத்தை இறக்க வேண்டும். பெட்ரோல் கசிவு கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அதைக்கூடச் செய்யாதீர்கள், ஸ்டார்ட் பண்ணாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள். கண்ணாடியை இறக்கி ஓட்டும்போது மட்டும் காருக்குள் வாடை வந்தால் டிக்கி ரப்பரைப் பாருங்கள், சைலன்சர் புகையைக் கார் தன் பின்னாலிருந்து உள்ளே இழுக்கிறது.

இப்போது பழைய வண்டிகளுக்குப் புதிதாக ஒரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2022-இல் பெட்ரோலில் எத்தனால் பத்து சதவீதத்தை எட்டியது. 2025-இல் இருபது ஆனது. அந்தக் காலத்து ரப்பர் இந்தக் கலவைக்காகச் செய்ததல்ல. ஊதுகிறது, பிறகு இறுகி வெடிக்கிறது. ஆகவே ஒரு ஹோஸ் வெடித்தால் மற்றவற்றையும் அதே நாளில் மாற்றுங்கள். கடையில் "பெட்ரோல் ஹோஸ்" என்று கேட்டால் எதையாவது வெட்டித் தருவார்கள். ஹோஸின் மேலேயே ஆர்9 (R9) என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள், அது இன்ஜெக்‌ஷன் அழுத்தத்தையும் எத்தனாலையும் தாங்கும் வகை. விலை கூடத்தான்.

இரண்டும் ஒன்றாக வந்தால்

கூலண்டும் குறைகிறது, பெட்ரோல் வாடையும் வருகிறது என்றால் இரண்டு நோய் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இன்ஜின் சூட்டைச் சொல்லும் சென்சார் கூலண்டுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். கூலண்ட் இறங்கி அது காற்றில் நின்றால், இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று தப்பாகச் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலை அள்ளி ஊற்றும். பெட்ரோல் வாடைக்குக் கூலண்ட் ஊற்றுவதே மருந்தாகிற விசித்திரம் இது.

இன்ஜின் சூடாகும் வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மாஸ்டாட் வால்வின் கதையும் இதுதான். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வால்வு இல்லாத இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வர நேரமாகும், அதுவரை பெட்ரோல் அதிகமாகக் குடிக்கும், சைலன்சரில் வாடை அடிக்கும், மைலேஜ் இறங்கும். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கழற்றி, சமையலுக்கு இனி எடுக்காத ஒரு பழைய பாத்திரத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரைச் சூடாக்குங்கள். பொதுவாக 82 முதல் 88 டிகிரிக்குள் வாய் திறக்கத் தொடங்க வேண்டும், அதன் மேலேயே எண் பொறித்திருக்கும். தண்ணீர் கொதித்தும் திறக்கவில்லை என்றாலோ, பச்சைத் தண்ணீரிலேயே திறந்து கிடந்தாலோ மாற்றிவிடுங்கள்.

வழியில் நின்றுபோனால்

ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுவதும், பெட்ரோல் டேங்க் ஓட்டையில் சலவை சோப்பைத் தேய்த்து அடைப்பதும் லாரிக்காரர்களின் பழைய வைத்தியம். இரண்டும் வேலை செய்யும். மஞ்சள் ஊறிப்போய் ஓட்டையில் அடைந்துகொள்ளும், சோப்பைப் பெட்ரோல் சுலபத்தில் கரைக்காது. நானும் ஒரு முறை பர்லியாறு ஏற்றத்தில் மஞ்சளை நம்பி ஊர் திரும்பியிருக்கிறேன். ஆனால் அது ஊர் போய்ச் சேரத்தான். அதே மஞ்சள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டரையும் சேர்த்து அடைக்கும். வீடு வந்ததும் முழுவதும் கழுவிவிட வேண்டும். கடையில் விற்கும் லீக் ஸ்டாப் பாட்டில்களைப் பற்றியும் என் எண்ணம் இதேதான்.

சரி செய்த பிறகு

வாய் வரை கூலண்ட் ஊற்றிவிட்டால் வேலை முடியவில்லை, உள்ளே காற்று சிக்கியிருக்கும். வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் உயரமாக நிற்கட்டும். ஹீட்டர் இருந்தால் அதன் லீவரைச் சூட்டுப் பக்கம் தள்ளுங்கள். மூடியைப் போடாமல் ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கி விட்டுக்கொண்டே, ரேடியேட்டர் ஃபேன் ஒரு முறை ஓடி நிற்கும் வரை காத்திருங்கள். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். ஃபேன் நின்று மட்டமும் நிலைத்ததும் மூடியைப் போடலாம். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. போர் தண்ணீர் வேண்டாம், அதன் உப்புதான் ரேடியேட்டருக்குள் கல்லாகப் படிகிறது. முதல் இரண்டு நாள் காலையில் டப்பாவின் மட்டம் கொஞ்சம் இறங்கும், மிச்சக் காற்று வெளியேறுவதால் அது. மூன்றாம் நாளும் இறங்கினால்தான் கேள்வி.

பெட்ரோல் பக்கம் வேலை பார்த்திருந்தால், ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட விட்டு, நிறுத்தி, புது இணைப்புகளை மறுபடி டிஷ்யூவால் துடைத்து மோந்து பாருங்கள். கிளிப்புகளை அடுத்த நாள் இன்னொரு கால் சுற்று இறுக்கலாம், புது ரப்பர் ஓரிரவில் கொஞ்சம் படிந்து கொடுக்கும். அளவுக்கு மீறி முறுக்கினால் கிளிப்பே ஹோஸை வெட்டிவிடும்.

அப்புறம் அட்டையைத் திரும்ப விரியுங்கள், இன்னும் ஒரு வாரத்துக்கு. என் கார் அந்த இருபது ரூபாய் கிளிப்புக்குப் பிறகு எட்டு நாள் சுத்தமாக இருந்தது. ஒன்பதாம் நாள் காலையில் அட்டையின் இடது மூலையில் ஒரு சொட்டு. வயிறு கலங்கக் குனிந்து தொட்டு மோந்தேன். சாயமும் இல்லை, வாடையும் இல்லை. நோட்டைப் புரட்டினேன்: முந்தின நாள் தேதிக்கு எதிரே "ஏசி: ஆம்" என்று என் கையெழுத்திலேயே இருந்தது.